பக்கெட்ட கையால கட்டுறத விட்டுட்டு டெம்ப்ளேட்டுக்கு மாறணும் – பழைய தோட்டத்து பத்திரங்கள் ஸ்கேன் பண்ற குழுவுக்கு யோசனை தேவை

மஸ்கெலியா_மைந்தன்
எல்லாருக்கும் வணக்கம். எங்க பக்கத்துல கொஞ்சப் பேரு சேந்து தோட்டத்து குடும்பங்கள்ட்ட இருக்குற பழைய பத்திரங்கள ஸ்கேன் பண்ணி சேத்துக்கிட்டு வாறோம். பிரஜாவுரிமை பத்திரம், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு பொறகு எடுத்த பாஸ்போட்டு, பிறப்பு பதிவு, செக்ரோல்ல (தோட்டத்து வேலையாளு பதிவேடு) பேரு இருந்ததுக்கு குடுத்த துண்டு, கல்யாண போட்டோ, இப்படி என்னென்னமோ வருது. லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) டிரங்கு பொட்டிக்குள்ள பொலித்தீன் சுத்தி வச்சிருப்பாங்க, பிரிக்கும்போதே மடிப்புல கிழியுற நெலமைல இருக்கு. இதெல்லாம் வெறும் ஞாபகப் பொருள் இல்ல. 2003 பிரஜாவுரிமை சட்டத்துல 1964 அக்டோபர் 30லருந்து இங்கேயே இருந்தவங்களும் அவங்க வழி வந்தவங்களும் பிரஜாவுரிமை எடுக்கலாம்னு தான் இருக்கு, அத காட்ட இந்த மாதிரி கடதாசி தான் பல குடும்பத்துக்கு இருக்குற ஒரே ஆதாரம். 2014 அக்டோபர் 29 கொஸ்லந்தை பக்கம் மீரியபெத்தை தோட்டத்துல மண்ணு சரிஞ்சப்ப ஆளோட வீட்டோட எல்லாம் போச்சு, பத்திரம் தேடுறதுக்கு எங்க போறது.

விசயம் என்னான்னா, நாங்க ஏடபிள்யூஎஸ்ஸோட (அமேசான் கிளவுட்) எஸ்3ங்குற சேமிப்புல தான் வைக்கிறோம், ஃபைல் போட்டு வைக்கிற பொட்டிக்கு அங்க பக்கெட்னு பேரு. பக்கெட்ட கட்டிக் குடுத்த கூட்டாளி இப்ப வெளிநாடு போயிட்டாரு. அவரு கன்சோல்ல (ஏடபிள்யூஎஸ் வெப் பக்கத்துல) என்னென்ன டிக் பண்ணாருன்னு யாருக்கும் சரியா தெரியாது. இப்ப பதுளை, மாத்தளை பக்கத்து பொடியன்மாரும் எங்களுக்கும் இதே மாதிரி செஞ்சு குடுங்கன்னு கேக்குறாங்க. ஒரு தடவ எழுதி வச்சா ஊருக்கு ஊரு அப்படியே போடக்கூடிய மாதிரி டெம்ப்ளேட் ஒண்ணு வேணும். எழுதி வச்சத பாத்து கிளவுட்ல கட்டிக் குடுக்குற கருவில டெராஃபார்மா கிளவுட்ஃபார்மேஷனா, எங்கேருந்து தொடங்குறது, அதுக்குள்ள என்ன இருக்கணும்? அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் வெளக்கமா சொல்லுங்க.

கண்டி_டெவொப்ஸ்
ரொம்ப பெறுமதியான வேலை தம்பி. என் ஓட்டு டெராஃபார்முக்கு. 2023 ஆகஸ்ட்ல லைசன்ஸ மாத்துனதுக்கு பொறகு அதுலருந்து பிரிஞ்சு வந்த ஓப்பன்டோஃபு இப்ப லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்கு கீழ இருக்கு, முழுக்க திறந்த மூலம், உங்க வேலைக்கு ரெண்டுல எது எடுத்தாலும் எழுதுறது கிட்டத்தட்ட ஒண்ணு தான்.

நீங்க கேட்ட டெம்ப்ளேட்டுக்கு இதுல மொட்யூல்னு பேரு, பயப்பட ஒண்ணுமில்ல, ஒரு ஃபோல்டர் தான். உள்ளுக்கு வேரியபிள் (ஊருக்கு ஊரு மாத்தி குடுக்குறது) ஒரு ஃபைல்ல, ரிசோர்ஸ் (கட்ட வேண்டியது) ஒரு ஃபைல்ல, அவுட்புட் (கட்டி முடிஞ்சு திருப்பி சொல்றது) ஒரு ஃபைல்ல. அத வெளியேருந்து ஊருக்கு ஒரு தடவ கூப்புடுவீங்க. ஆனா நெட்ல கெடைக்கிற பழைய உதாரணத்த அப்படியே காப்பி அடிக்காதீங்க. ஏடபிள்யூஎஸ் புரொவைடர் (டெராஃபார்ம ஏடபிள்யூஎஸ்ஸோட இணைக்கிற துண்டு) 4ஆவது வெர்ஷன் 2022ல வந்ததுலருந்து பக்கெட் ரிசோர்ஸ்குள்ளயே வெர்ஷனிங் (மேல எழுதுனாலும் பழைய பிரதிய வச்சிருக்குறது), என்கிரிப்ஷன் (மறைகுறியாக்கம்), லைஃப்சைக்கிள் (நாள் கணக்குல ஃபைல நகத்துற, அழிக்கிற ரூல்)னு எல்லாத்தையும் ஒண்ணா திணிக்கிற பழக்கம் போயிருச்சு. இப்ப பக்கெட் தனி, வெர்ஷனிங் தனி ரிசோர்ஸ், பப்ளிக் அக்சஸ் பிளாக் (வெளியாள் பாக்காம மூடுறது) தனி ரிசோர்ஸ், லைஃப்சைக்கிள் தனி. பழைய பாணில எழுதுன மொட்யூல் எடுத்தா பாதி நாள் எச்சரிக்கை வாசிக்கிறதுலயே போயிரும்.

லிந்துலை_புள்ள
அண்ணா சொன்னது சரி, ஆனா எழுதுறதுக்கு முன்னுக்கே ஒண்ண முடிவு பண்ணிக்கோங்க. மொட்யூல்ல எது வேரியபிள், எது வேரியபிள் இல்ல. நான் கொழும்புல இதே வேலை தான் பாக்குறேன், பாத்த வரைக்கும் டெம்ப்ளேட் கெட்டுப் போறது எல்லாத்தையும் வேரியபிளா தொறந்து வைக்கிறதால தான். என்கிரிப்ஷன் வேணுமா, பப்ளிக்கா, வெர்ஷனிங் வேணுமா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்விட்ச், கடைசில முப்பது நாப்பது வேரியபிள். அப்ப அது டெம்ப்ளேட் இல்ல, கன்சோல்ல இருந்த அதே ஃபோர்ம வேற எடத்துல எழுதி வச்சது தான்.

உங்க கையில இருக்குறது அடுத்தவங்க குடும்பத்தோட பிறப்பு பதிவு, பாஸ்போட்டு. அதனால பப்ளிக் அக்சஸ் பிளாக்ல இருக்குற நாலு ஸ்விட்சையும் ட்ரூன்னு நேரா எழுதி வைங்க. வேரியபிளே வேணாம். பதுளையில ஒருத்தர் ராத்திரி பத்து மணிக்கு கண்காட்சிக்கு ஒரு படம் லிங்க் வேணும்னு அவசரத்துல மாத்த நெனச்சாலும் மாத்த எடமே இருக்கக் கூடாது. 2023 ஏப்ரல்லருந்து புது பக்கெட்டுக்கு ஏடபிள்யூஎஸ்ஸே இத மூடித்தான் குடுக்குது, ஆனாலும் எழுதி வைக்கணும். ஏன்னா எழுதி இருந்தா தான் யாராச்சும் கன்சோல்ல போயி தொறந்து விட்டா அடுத்த பிளான்ல (எழுதுனதையும் இருக்குறதையும் ஒப்பிட்டு பாக்குற கட்டளை) காட்டிக் குடுக்கும்.

வெர்ஷனிங்கும் அப்படித்தான், எப்பவும் போட்டே இருக்கணும். வேரியபிளா விட வேண்டியது ஊரு பேரு, யாரு பொறுப்பு, எத்தன நாளைக்கு பொறகு ஆர்கைவுக்கு (மலிவான நீண்டகால சேமிப்புக்கு) போகணும், அவ்வளவு தான். மூணு. நாலாவது வேணும்னு யாராச்சும் கேட்டா ஏன்னு திருப்பி கேளுங்க.

இன்னொண்ணு, 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவு பாதுகாப்பு சட்டத்த ஒரு தடவ வாசிச்சிட்டு, குடும்பத்துக்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கி அதையும் ஸ்கேனோட சேத்து வைங்க.

ஊவாக்காத்து
எல்லாரும் கோவிச்சிக்க வேணாம், நான் நேரா சொல்றேன். மூணு ஊருக்கு மூணு பக்கெட். கன்சோல்ல ஒண்ணுக்கு அஞ்சு நிமிசம். இதுக்கு எதுக்கு டெராஃபார்ம், ஸ்டேட் ஃபைல் (கட்டுனது என்னென்னன்னு டெராஃபார்ம் வைக்கிற கணக்கு), கிட் (மாற்றத்த பதிஞ்சு வைக்கிற கருவி), மொட்யூல்னு இவ்வளவு. அந்த பொடியன்மாரு பகல்ல வேலைக்கு போயிட்டு சனி ஞாயிறுல ஸ்கேன் பண்றவங்க. நாளைக்கு ஏதாச்சும் ஒடஞ்சா டெராஃபார்ம் தெரிஞ்ச ஆள பதுளையில எங்க போயி தேடுறது? ஒரு கடதாசில படி படியா எழுதி ஸ்கிரீன்சொட் ஒட்டி குடுத்தா எல்லாருக்கும் வெளங்கும். கருவி பெருசாகி வேலை சின்னதாகிறக் கூடாது, அது தான் என் கவலை.

லிந்துலை_புள்ள
கேள்வி நியாயமானது அண்ணே. ஆனா இவங்க இங்க வந்து கேக்குறதுக்கு காரணமே கன்சோல்ல கட்டுன ஆளு வெளிநாடு போனது தானே. மலையகத்துல ஒரு குழு அஞ்சு வருசம் அதே ஆளுங்களோட ஓடுறது கஷ்டம். ஒருத்தர் கொழும்புக்கு, ஒருத்தர் கட்டாருக்கு, ஒரு புள்ள கெம்பஸ் கெடச்சு போயிரும். ஸ்கிரீன்சொட் கடதாசி எழுதுன அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லும், இன்னைக்கு எப்படி இருக்குன்னு சொல்லாது, கன்சோல் மொகமும் மாறிக்கிட்டே இருக்கும். டெம்ப்ளேட் எழுதி வச்சிருந்தா பிளான் ஒண்ணு அடிச்சா போதும். எழுதுனதுக்கும் அங்க இருக்குறதுக்கும் வித்தியாசம் இருந்தா வரி வரியா காட்டும், "மாற்றம் இல்ல"ன்னு வந்தா நிம்மதியா தூங்கலாம். மூணு பக்கெட்டோ முந்நூறு பக்கெட்டோ, அடுத்து வாற ஆளுக்கு ஒப்படைக்கிறதுக்குத்தான் இது வேணும்.

நானுஓயா_ரயில்
நான் கிளவுட்ஃபார்மேஷன் பக்கம் பேசுறேன், யாரும் பேசல. ஏடபிள்யூஎஸ் மட்டும் தான் பாவிக்கப் போறீங்கன்னா இத ஒதுக்காதீங்க. பெரிய லாபம், ஸ்டேட் ஃபைல நீங்க காப்பாத்த வேண்டியதில்ல, அது ஏடபிள்யூஎஸ் பொறுப்பு. வாலண்டியர் குழுவுக்கு அது சின்ன விசயமில்ல. ஒரு யாமெல் (சாதா எழுத்து) ஃபைல், மேல பராமீட்டர் (வேரியபிள் மாதிரி), கீழ ரிசோர்ஸ், ஊருக்கு ஒரு ஸ்டாக் (அந்த ஃபைல ஓட்டி கட்டுன தொகுதி). கன்சோல்லயே ஃபைல ஏத்தி பேர குடுத்து ஓட்டலாம், லெப்டொப்ல ஒண்ணும் இன்ஸ்டோல் பண்ண தேவையில்ல, ஊவாக்காத்து அண்ணன் கேட்ட லேசும் இதுல இருக்கு.

ஒண்ணு மட்டும் மறக்காம செய்ங்க. பக்கெட் ரிசோர்ஸ்ல டிலீஷன் பொலிசி ரிட்டெய்ன்னு போடுங்க, அதோட அப்டேட் ரிப்ளேஸ் பொலிசியும் ரிட்டெய்ன். அப்ப யாராச்சும் ஸ்டாக்க அழிச்சாலும் பக்கெட் அப்படியே நிக்கும்.

கண்டி_டெவொப்ஸ்
@நானுஓயா_ரயில் நல்ல பொயிண்ட், மறுக்க மாட்டேன். நான் டெராஃபார்ம் சொன்னதுக்கு காரணம் பிளான் வாசிக்க லேசு, அப்பறம் நாளைக்கு ரெண்டாவது பிரதி வேற கம்பனி கிளவுட்ல வைக்கணும்னா அதே பழக்கத்தோட போகலாம். இந்த மாதிரி பத்திரத்துக்கு ஒரே கம்பனிய நம்பி இருக்குறது எனக்கு மனசுக்கு ஒத்துக்கல.

டெராஃபார்ம் எடுத்தா ஸ்டேட் பத்தி சொல்லணும். ஸ்டேட் ஃபைல் யாரு லெப்டொப்லயும் இருக்கக் கூடாது, கிட்லயும் போடக் கூடாது, ரகசியம் ஏதாச்சும் இருந்தா அது உள்ளுக்கு அப்படியே எழுத்தா கெடக்கும். ஸ்டேட்டுக்குன்னு தனி பக்கெட் ஒண்ணு, அதுலயும் வெர்ஷனிங். ரெண்டு பேரு ஒரே நேரத்துல அப்ளை (மாற்றத்த நெசமா செய்ற கட்டளை) அடிக்காம லொக் (பூட்டு) வேணும். முந்தி அதுக்கு டைனமோடிபி (ஏடபிள்யூஎஸ் தரவுத்தளம்) டேபிள் ஒண்ணு கட்டணும், டெராஃபார்ம் 1.10லருந்து எஸ்3 பக்கெட்குள்ளயே லொக்ஃபைல் வைக்க முடியும், பேக்கெண்ட்ல (ஸ்டேட் எங்க இருக்குன்னு சொல்ற பகுதி) ஒரு வரி, பழைய டேபிள் வேணாம்.

இன்னும் முக்கியம், மூணு ஊரையும் ஒரே ஸ்டேட்ல போடாதீங்க. நம்ம லயத்துல ஒரு காம்பராவுல (அறையில) நெருப்பு புடிச்சா கூரை ஒண்ணா இருக்குறதால கடைசி காம்பரா வரைக்கும் போகுதே, ஒரே ஸ்டேட்னா அந்த கூரை தான். மொட்யூல் ஒண்ணு, ஸ்டேட் ஊருக்கு ஒண்ணு. மாத்தளை பொடியன் தப்பா ஒரு அப்ளை அடிச்சாலும் மஸ்கெலியா பக்கம் எட்டாது.

மஸ்கெலியா_மைந்தன்
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு தூரம் வெளக்கமா வரும்னு நெனைக்கல. பேரு வைக்கிறதுல ஒரு சந்தேகம். இப்ப இருக்குற பக்கெட் பேரு கூட்டாளி அவசரத்துல வச்ச பேரு, அவரோட சொந்த பேரும் அதுல இருக்கு. புது டெம்ப்ளேட்டுக்குள்ள கொண்டு வரும்போது பேர மாத்திக்கலாமா? அப்பறம் ஊரு பேர லிஸ்டா குடுத்து ஒரே தடவையில எல்லாம் கட்ட முடியும்னு ஒரு வீடியோல பாத்தேன்.

லிந்துலை_புள்ள
பேர மாத்துறத அவசரப்பட்டு செய்யாதீங்க தம்பி. பக்கெட்டுக்கு பேர் மாத்துறதுங்குற விசயமே எஸ்3ல கெடையாது. டெம்ப்ளேட்ல பேரு வரிய மாத்துனா டெராஃபார்ம் பழச அழிச்சு புதுச கட்டணும்னு தான் எடுத்துக்கும். பிளான்ல அந்த வரிக்கு பக்கத்துல "ஃபோர்சஸ் ரிப்ளேஸ்மெண்ட்"னு செவப்புல வரும், கீழ கடைசி வரில "ஒண்ணு சேக்க, ஒண்ணு அழிக்க"ன்னு கணக்கு வரும். பிளான்ல எத வாசிக்காட்டியும் அந்த கடைசி வரிய வாசிங்க. அழிக்கிறது பூச்சியமா இல்லாட்டி யெஸ்னு அடிக்கக் கூடாது, உங்க குழுவுல இத ஒரு சட்டமாவே வைங்க.

உள்ளுக்கு ஃபைல் இருக்குற பக்கெட்ட எஸ்3 சும்மா அழிக்க விடாது, எரர் வரும். அந்த எரர தாண்டுறதுக்கு ஃபோர்ஸ் டெஸ்ட்ராய்னு ஒண்ணு இருக்கு, அத நெட்ல யாரு சொன்னாலும் ட்ரூ போடாதீங்க. அதுக்கு மேல டெராஃபார்மோட லைஃப்சைக்கிள் பிளாக்ல (எஸ்3 லைஃப்சைக்கிள் ரூல் வேற) பிரிவெண்ட் டெஸ்ட்ராய் (அழிக்க விடாத தடை) ட்ரூ போட்டு வைங்க. ஆனா ரிசோர்ஸ் பிளாக்கையே ஃபைல்லருந்து தூக்கிட்டா பிரிவெண்ட் டெஸ்ட்ராயும் கூட சேந்து போயிரும், அப்ப காப்பாத்த அது அங்க இல்ல. அதனால தான் மாற்றம் எதுவா இருந்தாலும் கிட்ல ரெண்டாவது ஆளு ஒருத்தர் பாத்துட்டு தான் சேக்கணும்.

பழைய பக்கெட்ட உள்ள எடுக்க இம்போர்ட் பிளாக் இருக்கு, டெராஃபார்ம் 1.5லருந்து. எழுதி பிளான் அடிங்க, முதல்ல நெறைய வித்தியாசம் காட்டும். கூட்டாளி டிக் பண்ணதும் பண்ணாததும் எல்லாம் அங்க தான் வெளிய வரும். ஒவ்வொண்ணா பாத்து, வேணுங்குறத டெம்ப்ளேட்டுக்கு எடுத்து, தேவையில்லாதத மூடி, வித்தியாசம் கொறைஞ்சு வந்ததும் அப்ளை. பேரு அப்படியே இருக்கட்டும், பேரு யாருக்கும் வெளிய தெரியப் போறதில்ல.

கண்டி_டெவொப்ஸ்
ஊரு லிஸ்ட் கேட்டதுக்கு நான் சொல்றேன். கவுண்ட், ஃபார் ஈச்னு ரெண்டு வழி இருக்கு. கவுண்ட்ல ஒவ்வொண்ணுக்கும் 0, 1, 2ன்னு எண்ணு தான் அடையாளம். மஸ்கெலியா, மாத்தளை, பதுளைன்னு வச்சிருக்கீங்க, நடுவுல மாத்தளைய எடுத்தா பதுளை 2லருந்து 1க்கு நகந்துரும், டெராஃபார்ம் பாத்து "1ஆம் நம்பர் பக்கெட்டுக்கு பேரு மாறிருச்சு"ன்னு அதையும் அழிச்சு கட்ட நிக்கும். ஃபார் ஈச்ல ஊரு பேரே அடையாளம், ஒண்ண எடுத்தா அது மட்டும் தான் அசையும். ஸ்டோரேஜ்ல கவுண்டே வேணாம். ஆனா நான் மேல சொன்ன மாதிரி ஊருக்கு ஒரு ஸ்டேட்டுன்னா லிஸ்டே தேவைப்படாது, ஃபோல்டர் ஊருக்கு ஒண்ணு, அதுக்குள்ள மொட்யூல கூப்புடுற பத்து வரி.

கூப்புடும்போது கிட் டேக் (ஒரு வெர்ஷனுக்கு ஒட்டுற பேரு) குடுத்து கூப்புடுங்க, மெயின் பிராஞ்ச (மாறிக்கிட்டே இருக்குற பிரதிய) நேரா காட்டாதீங்க. வெர்ஷன் 1.0.0ன்னு ஒரு டேக். நாளைக்கு மொட்யூல்ல ஏதாச்சும் மாத்துனா மஸ்கெலியாவுல பாத்துட்டு பதுளை அப்பறமா ஏறலாம்.

பேருக்கு ஒரு வலிடேஷன் பிளாக்கும் (பேரு சரியான்னு பாக்குற பகுதி) போட்டு விடுங்க. 3லருந்து 63 எழுத்து, சின்ன ஆங்கில எழுத்து, இலக்கம், ஹைஃபன். புள்ளியும் விடும், ஆனா எச்டிடிபிஎஸ்ல தொல்லை, தடுத்துருங்க. பேரு உலகத்துல ஒருத்தருக்கும் இல்லாததா இருக்கணும், வெறும் "பதுளை"ன்னு வச்சா எவரோ எடுத்திருப்பாங்க, குழுவோட சுருக்கப் பேர முன்னுக்கு ஒட்டி விட்டா சரி.

ஊவாக்காத்து
வாசிச்சேன் எல்லாத்தையும். ஒப்படைக்கிற விசயம் எனக்கு சரின்னு படுது, அத நான் அந்த கோணத்துல பாக்கல. ஆனா ஒரு கேள்வி இன்னும் நிக்குது, காசு. யாரு கட்டுறது? ஸ்கேன் சைஸ் என்னா?

மஸ்கெலியா_மைந்தன்
ஏ4 பக்கம் ஒண்ணு 600 டிபிஐ கலர்ல சுருக்காம எடுத்தா டிஃப் ஃபைல் 100 எம்பி கிட்ட வருதுண்ணே. பாக்குறதுக்கு சின்ன ஜேபெக் ஒண்ணு தனியா. காசு நாங்க ஒரு பத்துப் பேரு மாசா மாசம் போடுறோம், டொலர் வெல ஏறுனா கையக் கடிக்கும். ஏத்துறதும் பெரிய பாடு. மழை விழுந்தா சிக்னல் போகும், கரண்ட் போகும், பாதில நின்னுரும்.

நானுஓயா_ரயில்
அப்ப லைஃப்சைக்கிள் ரூல் தான் உங்க டெம்ப்ளேட்டோட உயிர். டிஃப் எல்லாம் ஒரு ப்ரிஃபிக்ஸ்ல (ஃபோல்டர் மாதிரி), ஜேபெக் இன்னொண்ணுல பிரிச்சு வைங்க. டிஃப் ஏத்தி சரி பாத்து முடிஞ்சதும் டீப் ஆர்கைவ்ங்குற சேமிப்பு வகைக்கு தள்ளுங்க. எஸ்3ல அது தான் ஆக மலிவு. ஆனா வச்சா 180 நாளைக்கு காசு உண்டு, முந்தி அழிச்சாலும் கட்டணும், திருப்பி எடுக்க சாதாரணமா 12 மணித்தியாலம் வரைக்கும் ஆகும். மாஸ்டர் பிரதிக்கு அது பிரச்சினையே இல்ல. சின்ன ஜேபெக்க ஸ்டேண்டர்ட் ஐஏவுக்கு (எப்பவாச்சும் எடுக்குற ஃபைலுக்கான வகை) தள்ளாதீங்க, அங்க 128 கேபிக்கு கொறஞ்ச ஃபைலுக்கும் 128 கேபின்னு தான் கணக்கு போடுவாங்க, மிச்சம் புடிக்க போயி கூட கட்ட வேண்டி வரும்.

பாதில நிக்கிறதுக்கும் ஒரு ரூல் இருக்கு. பெரிய ஃபைல் துண்டு துண்டா தான் ஏறும், நடுவுல லைன் அறுந்தா ஏறுன துண்டு பக்கெட்லயே கெடக்கும். சாதாரணமா ஃபைல் லிஸ்ட் பாத்தா கண்ணுல படாது, பில்லுல மட்டும் வரும். ஏழு நாளைக்கு பொறகு அரகொறை அப்லோட கலைச்சிருன்னு ஒரு ரூல், டெம்ப்ளேட்குள்ள நிரந்தரமா. நம்ம மழைக்கு இது கட்டாயம்.

வெர்ஷனிங் வச்சதால ஒரே ஃபைல திரும்ப ஏத்துனா பழசும் நிக்கும், அதுக்கும் காசு. ஜேபெக் பக்கம் பழைய வெர்ஷன் 90 நாள்ல போகட்டும். டிஃப் பக்கம் கை வைக்க வேணாம், அங்க தப்பா மேல எழுதுனது ஒரு வருசம் கழிச்சு தான் தெரிய வரும்.

ரீஜியன் (ஃபைல் இருக்கப் போற டேட்டா சென்டர் எடம்) மும்பை போடுங்க, ஏடபிள்யூஎஸ்ஸுக்கு இலங்கையில ரீஜியன் கெடையாது. சிங்கப்பூரும் நல்லது தான். ரெண்டு ரீஜியனோட வெலையையும் ஒரு தடவ கல்குலேட்டர்ல போட்டு பாத்துட்டு முடிவு எடுங்க, பொறகு நகத்துறது லேசில்ல.

லிந்துலை_புள்ள
ஏத்துற ஆளுக்கு குடுக்குற ஐஏஎம் பொலிசியும் (யாருக்கு என்ன உரிமைங்குற விதி) அதே மொட்யூல்ல வரட்டும். போடலாம், பாக்கலாம், அழிக்க முடியாது. அழிக்கிற உரிமைய, குறிப்பா குறிப்பிட்ட வெர்ஷன அழிக்கிற உரிமைய, ஏத்துற கணக்குக்கு குடுக்கவே வேணாம். ஊருக்கு ஊரு வேற வேற கணக்கு, லெப்டொப் களவு போனா அந்த ஒண்ண மட்டும் மூடிறலாம்.

ஏத்துறதுக்கு ஆர்க்குளோன் (rclone, ஃபைல் ஏத்துற கருவி) பாவிங்க, காப்பி கட்டளை மட்டும். சிங்க் கட்டளை இந்த பக்கம் இல்லாதத அந்த பக்கம் அழிக்கப் பாக்கும், லெப்டொப் டிஸ்க் நெறஞ்சிருச்சுன்னு யாராச்சும் ஃபைல அழிச்சா, அழிக்கிற உரிமை தப்பித் தவறி இருந்தா அங்கயும் போகும். காப்பி ஏத்தி முடிஞ்சத திரும்ப ஏத்தாது, நின்ன ஃபைல்லருந்து தொடரும்.

மஸ்கெலியா_மைந்தன்
சரி, நாங்க எடுத்த முடிவு சொல்லிர்றேன். ஓப்பன்டோஃபு, மொட்யூல் ஒண்ணு, ஸ்டேட் ஊருக்கு ஒண்ணு, வேரியபிள் மூணு தான். பழைய பக்கெட் பேர மாத்தாம இம்போர்ட். கூட்டாளிக்கிட்ட பேசிட்டேன், கணக்கோட ரூட் (முதன்மை) ஈமெயிலயும் குழு ஈமெயிலுக்கு மாத்தித் தாறேன்னாரு.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. மாத்தளை பொடியன்மாருக்கு ஏடபிள்யூஎஸ் கணக்கு இன்னும் இல்ல, கார்டும் இல்ல. அது வரைக்கும் டெம்ப்ளேட்ட ஓட்டிப் பழக வழி இருக்கா?

கண்டி_டெவொப்ஸ்
லெப்டொப்லயே ஏடபிள்யூஎஸ் மாதிரி நடிக்கிற லோக்கல்ஸ்டெக் இருக்கு, டொக்கர்ல (மென்பொருள தனி பொட்டியா ஓட்டுற கருவி) ஓடும், எஸ்3 மாதிரியே பதில் சொல்லும். புரொவைடர்ல எண்ட்பொயிண்ட (பேசப் போற முகவரிய) மட்டும் லெப்டொப் பக்கம் திருப்பி விட்டா பிளான், அப்ளை எல்லாம் காசில்லாம பழகலாம். பக்கெட்ட கட்டி, பேர மாத்தி, அந்த "அழிக்க" வரி எப்படி வருதுன்னு கண்ணால பாக்க வைங்க. வாற சனிக்கெழமை பின்னேரம் எனக்கு நேரம் இருக்கு, மாத்தளை ஆளுங்களுக்கு சரின்னா ஸ்கிரீன் ஷேர்ல வாங்க, டொக்கர் இன்ஸ்டோல் பண்றதுலருந்து செய்வோம். டொக்கர் இமேஜ் டவுன்லோட் பெருசு, நைட் டேட்டாவுல முன்னாடியே எறக்கி வச்சிட்டு வரச் சொல்லுங்க.